பீர் தொடுகிற இடம்

பித்தளை ஃபிட்டிங்கின் ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, மறுமுனையில் வாயை வைத்து ஊதினார் கிருபைராஜ். கன்னம் இரண்டும் உப்பின. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் அவரைப் பார்த்துவிட்டு அடுத்த வரிசை வழியாகச் சுற்றிப் போனாள். அவர் ஃபிட்டிங்கைச் சட்டையில் துடைத்து, எடுத்த பெட்டியிலேயே திரும்பப் போட்டார்.

"இவன் சரியில்ல அண்ணாச்சி. மரை நேரா வெட்டல" என்றார் என்னிடம்.

நான் ஒரு பல்பு வாங்க வந்தவன். ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் தெருவிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் அந்த ஹார்ட்வேர் கடைக்கு, நானும் வருகிறேன், அஞ்சே நிமிஷம் என்று சொல்லித்தான் என் காரில் ஏறினார். குழாய்ச் சாமான்கள் இருக்கும் வரிசைக்குள் நுழைந்த பிறகு அவருக்கு நிமிஷக் கணக்கு கிடையாது. இது போன வருஷம், எண்பத்தாறு ஜூன் மாதம்.

கிருபைராஜ் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறார். பாளையங்கோட்டைக்காரர், வயது நாற்பத்து நான்கு. மெலிந்த உடம்பு, முழங்கைக்கு மேல் மடித்துவிட்ட சட்டை. அந்தச் சட்டைப் பையில் முன்பெல்லாம் இரண்டு பேனாக்கள் இருக்கும். அன்றைக்கு ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எந்த ஃபிட்டிங்கை எடுத்தாலும் அந்தத் துண்டை அதில் செருகி, இழுத்து, முறுக்கிப் பார்ப்பார். ஃபிட்டிங்குகள் எல்லாம் அவருக்கு ஆண்பிள்ளைகள். பிடித்தவன் "நல்ல பய". விலை அதிகமான எவர்சில்வர் வகைகள் "தொரை". தொரைகளை மரியாதையாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்.

அவருக்கு இது புதிய வித்தை இல்லை. பன்னிரண்டு வருஷம் எண்ணெய்க் கிணறு தோண்டும் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் வேலையே இதுதான். கடலுக்கு நடுவே நிற்கும் மேடைகளில், சேற்றையும் எண்ணெயையும் அழுத்தத்தோடு தள்ளும் ரப்பர் குழாய்கள் உண்டு. ஆள் நுழையும் அளவு பருமன் கொண்டவைகூட இருக்கின்றன என்பார். அவற்றின் இணைப்புகளைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போடுவது கிருபைராஜ். ஒரு இணைப்பின் விலையில் ஒரு கார் வாங்கலாம். எண்ணெய் விலை விழுந்தபோது, அவர் வேலை செய்த மாடியில் இருந்த அத்தனை பேரையும் ஒரே காலையில் அனுப்பிவிட்டார்கள். அந்த வசந்த காலத்தில் ஹூஸ்டனில் பாதி அபார்ட்மெண்டுகள் காலி. முதல் மாத வாடகை இலவசம் என்று துணி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கடனில் வாங்கிய வீட்டின் சாவியைத் தபாலில் பேங்க்குக்கு அனுப்பிவிட்டு ஊரைவிட்டே போனவர்கள் உண்டு.

அப்படிப் போனவர்களில் ஒருவர் டேல், கம்பெனியில் கிருபைராஜின் பக்கத்து மேஜைக்காரர். ஒக்லஹோமாவில் இருக்கும் மாமனார் வீட்டுக்குக் குடும்பத்தோடு கிளம்பியபோது, லாரியில் இடம் பற்றாமல், வீட்டில் பீர் தயாரிக்கும் சாமான்களைக் கிருபைராஜின் கராஜில் இறக்கிவிட்டுப் போனார். ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரம், முழங்காலளவு உயரக் கண்ணாடி ஜாடி, அதிலிருந்து பீரை இறக்க ஒரு வளைந்த கண்ணாடிக் குழல், பாட்டிலுக்கு மூடி போடும் கருவி, முப்பது நாற்பது காலிப் பாட்டில்கள். ரப்பர் குழாய்கள் மட்டும் மக்கிப்போய், விரல் பட்டாலே உதிர்ந்தன. இணைப்புகள் துருப்பிடித்திருந்தன.

கிருபைராஜ் அதுவரை பீர் குடித்தவரில்லை. அவர் வீட்டில் மூன்று தலைமுறையாக சி.எஸ்.ஐ. சபை, மது என்ற சொல்லைக்கூட வேதாகமத்தைத் தவிர வேறெங்கும் வாசிக்காதவர்கள். அவர் மனைவி அல்போன்சா தூத்துக்குடி கத்தோலிக்கப் பெண். அங்கே கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே திராட்சை ரசம் போடுவார்கள். ஆகவே கராஜில் இருந்த ஜாடியைப் பார்த்து அல்போன்சாவுக்கு அதிர்ச்சி ஒன்றுமில்லை. இதைக் கழுவிவைத்தால் அடுத்த டிசம்பருக்கு ஆகும் என்றுதான் நினைத்தார். கிருபைராஜுக்கோ அந்த ஜாடி குழாயில்லாமல் நின்றது பொறுக்கவில்லை. வேலை போன பிறகு அவர் முதல் தடவையாகச் சிரத்தை எடுத்துச் செய்த காரியம், அதற்கு ஹோஸ் தேடியதுதான்.

ஹூஸ்டன் தமிழர்களிடையே பேச்சு கிளம்பியது. தமிழில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காய்ச்சுகிறார் என்று சொன்னால் நம் காதில் விழுவது வேறு. ஆடி வெள்ளி பஜனைக்குப் போன இடத்தில் அனந்தலக்ஷ்மி மாமி என் மனைவியைத் தனியே அழைத்து, பாவம், வேலை போன மனுஷர், போலீஸ் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டாராம். அதன் பிறகு கிருபைராஜ் அந்த வினைச்சொல்லையே விட்டுவிட்டார். "ப்ரூ பண்ணுதேன்" என்பார் ஆங்கிலத்தில், அழுத்தமாக. அமெரிக்காவில் வீட்டில் குடிப்பதற்காகச் செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வார், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

வீட்டில் இப்போது அல்போன்சாவின் நர்ஸ் சம்பளம் மட்டும்தான். இரண்டாவது காரை விற்றாகிவிட்டது. அதனால் கிருபைராஜ் தனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டார். பீருக்காக வாங்கும் சாமான், கடையில் அவ்வளவு பீர் வாங்கியிருந்தால் ஆகும் செலவைத் தாண்டக்கூடாது. நீங்கதான் கடையில் பீரே வாங்கினதில்லையே, பிறகு எந்தக் கணக்கு என்று அல்போன்சா கேட்டார். ஆனால் விதி நீடித்தது.

மலிவாக வேண்டும் என்றால் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பச்சை ஹோஸ்தான் முதலில் கண்ணில் படும். அதற்கான இணைப்புகளும் எங்கும் கிடைக்கும். கிருபைராஜ் அதில் ஒரு துண்டு வாங்கினார். மீன் தொட்டிக் கடையில் ஒரு துண்டு. மோட்டார் வீடுகளுக்கு, அதாவது படுக்கை அடுப்பு எல்லாம் வைத்து ஓட்டிக்கொண்டு போகிறார்களே, அந்த வண்டிகளுக்குச் சாமான் விற்கும் இடத்தில், குடிதண்ணீருக்கென்றே செய்த வெள்ளை ஹோஸ் ஒரு துண்டு. மூன்றையும் நறுக்கி, மூன்று டம்ளரில் வெந்நீர் ஊற்றி ஊறப்போட்டார். ஆறிய பிறகு வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோருக்கும் சோதனை. எந்த டம்ளர் எது என்று சொல்லமாட்டார். நான் முகர்ந்த ஒன்றில் டயர் கடை வாசனை வந்தது. அவர் மகள் ப்ரிசில்லா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "டாட், திஸ் இஸ் டிஸ்கஸ்டிங்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். எல்லோரும் ஒதுக்கியது பச்சை ஹோஸ். மீன் தொட்டிக் குழாய் வாசனையில் தேறியது, ஆனால் சூட்டில் துவண்டு நூல்போலத் தொங்கியது. ஜெயித்தது வெள்ளை.

வெள்ளை விலை கூட. அங்கேதான் அவர் மூளை வேலை செய்தது. கொதித்த மால்ட் கஞ்சியை, அதாவது பீராகப் போகும் பார்லிச் சாற்றை, சீக்கிரம் ஆற்றுவதற்குச் செப்புக் குழாயைச் சுருளாகச் சுற்றிப் பாத்திரத்துக்குள் இறக்கி, அதன் வழியாகக் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட வேண்டும். தண்ணீர் சுருளுக்குள்ளேயே ஓடி வெளியே போய்விடும், கஞ்சியில் கலக்காது. அந்த இடத்துக்கு எதற்கு வெள்ளை ஹோஸ்?

"தண்ணி தொடுற எடம் வேற, பீர் தொடுற எடம் வேற அண்ணாச்சி. தண்ணி தொடுற எடத்துல கஞ்சனா இருக்கலாம். பீர் தொடுற எடத்துல இருக்கக் கூடாது" என்றார்.

இந்தப் பிரிவினைப்படி, தண்ணீர்ப் பக்கத்துக்கு அதே பச்சை ஹோஸும் தோட்டத்து இணைப்புகளும். செப்புச் சுருளுக்கு, ஃப்ரிட்ஜில் ஐஸ் செய்யும் பெட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் மெல்லிய குழாய், அதற்கான பித்தளைச் சாமான். பீர்ப் பக்கத்துக்கு வெள்ளை, அதுவும் அளந்து, ஒரு சாண்கூட மிச்சமில்லாமல். ஒரே ஒரு இடத்தில்தான் தடுமாற்றம். டேல் விட்டுப்போன கண்ணாடிக் குழல் பருமன், வெள்ளை ஹோஸின் வாய் சிறியது. இரண்டையும் சேர்க்க, ஒருபக்கம் அகலமும் மறுபக்கம் ஒடுக்கமுமான இணைப்பு தேவை. அந்த ஹார்ட்வேர் கடைக்காரர் டாட்சன், விற்காத சாமான்களை வாசலில் ஒரு தகரப் பெட்டியில் கொட்டி வைத்திருப்பார். அதில் கை விட்டுத் துழாவி ஒரு நைலான் இணைப்பை எடுத்தார் கிருபைராஜ். ஊதினார். நல்ல பய என்றார். கிட்டத்தட்ட இனாம் விலை.

செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தின விடுமுறைக்கு அல்போன்சாவோடு வேலை செய்யும் நர்ஸுகள் ஒரு பூங்காவில் கூடினார்கள். என் மனைவியும் அதே மருத்துவமனை என்பதால் நாங்களும் போயிருந்தோம். கிருபைராஜ் தன் பாட்டில்களை ஐஸில் புதைத்துக் கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்ததும் நுரை பொங்கி வந்தது. தேன் நிறம். எல்லோரும் கைதட்டினார்கள். குடித்தார்கள். பிறகு கையில் கோப்பையை வைத்துக்கொண்டு வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் நனைந்த அட்டைப்பெட்டியின் ருசி தெரிந்தது. கிருபைராஜ் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அல்போன்சா மட்டும் தன் கோப்பையைக் கடைசிச் சொட்டுவரை குடித்துக் கவிழ்த்து வைத்தார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் அல்போன்சா, "நல்லா இல்ல" என்று சொன்னாராம். கிருபைராஜே பிறகு இதைச் சொன்னார்.

அடுத்த சில நாட்கள் அவர் கராஜைவிட்டு வெளியே வரவில்லை. கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டுப் பதில் வராதபோதுகூட அவர் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. எண்ணெய் விலை விழுந்தது அவர் கையில் இல்லை. இது அவர் ஊதிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். ஜாடியில் வெறும் தண்ணீரை நிரப்பி, குழாய் வழியாகக் கீழே ஒரு வாளிக்கு இறக்கிக்கொண்டிருந்தார். நைலான் இணைப்புக்கு அருகே, வெள்ளை ஹோஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்து, உள்ளே ஓடும் தண்ணீர் நிழலாகத் தெரியும்படி காட்டினார். ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வரவில்லை. ஆனால் கண்ணாடிக் குழலிலிருந்து வரும் தண்ணீரில் இல்லாத சிறு குமிழிகள், கடுகு மாதிரி, இணைப்பைத் தாண்டியதும் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

"வெளிய ஒழுகல. உள்ள இழுக்குது" என்றார். "பீர் கீழ எறங்கும்போது காத்தையும் சேத்து உறிஞ்சிருக்கு. காத்து பட்டா பீர் பழசாயிரும். பன்னெண்டு வருசமா எல்லாத்தையும் வெளிய தள்ளுற பிரஷருக்குத்தான் பாத்துருக்கேன். ஊதித்தான பாத்தேன். உறிஞ்சிப் பாக்கலயே."

அதைச் சொல்லும்போது வருத்தத்தைவிட வியப்புதான் அதிகம் தெரிந்தது. கண்டுபிடித்ததில் முகம் தெளிந்துவிட்டது. சரி, இனி விலை உயர்ந்த இணைப்பு ஒன்று வாங்குவார், விதியை ஒருமுறை தளர்த்துவார் என்று நினைத்தேன். அவர் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்தார். வெள்ளை ஹோஸின் நுனியை அதில் முக்கி வைத்தார். இளகியதும், நேராகக் கண்ணாடிக் குழலின் மேல் திருகித் திருகி ஏற்றினார். சூடு தணிந்ததும் அது இறுகிப் பிடித்துக்கொண்டது. இணைப்பே இல்லை. ஒரு காசு செலவும் இல்லை.

அடுத்த தடவை தயாரான பீரை அக்டோபரில் அவர் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து குடித்தோம். ரொட்டி சுடும் வாசனையோடு, கடைசியில் லேசான கசப்போடு, நன்றாக இருந்தது. கிருபைராஜ் அரைக் கோப்பைக்கு மேல் குடிக்கமாட்டார். அல்போன்சா இன்னொன்று ஊற்றிக்கொண்டார். அந்த மாலை கிருபைராஜ் வேறு எந்தச் சான்றிதழையும் எதிர்பார்க்கவில்லை.

வெந்நீர் வித்தையை டாட்சன் கடையில் போய்ச் சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. அங்கே ஒரு ஆள் இரண்டு ஹோஸ்களைச் சேர்க்க விலை கூடிய இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இவர் போய் அவனுக்குப் பாடம் எடுத்து, அதை வாங்காமல் அனுப்பிவிட்டார். இன்னொரு நாள் இன்னொரு ஆள். டாட்சன் பார்த்துக்கொண்டேயிருந்தார். ஒருநாள் அழைத்து, நீ மூன்று வாடிக்கையாளர்களை ஒன்றும் வாங்கவிடாமல் துரத்திவிட்டாய், மூன்று பேரும் மறுபடி வந்து உன்னைத்தான் கேட்டார்கள், பேசாமல் இங்கேயே வேலைக்கு வந்துவிடு என்றார். குழாய் வரிசை முழுக்க அவர் பொறுப்பு. சம்பளம் பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. சிவப்பு ஏப்ரன் கட்டிக்கொள்ள வேண்டும்.

கிருபைராஜ் எம்.எஸ். படித்தவர். ஹில்கிராஃப்டில் இரண்டு இந்திய மளிகைக் கடைகள் வந்ததிலிருந்து, சனிக்கிழமைகளில் அந்தப் பக்கம் வராத தமிழ்க் குடும்பம் இல்லை. அவருக்கு வேலை பிடித்திருந்தது. அல்போன்சாவிடம் சொல்லத்தான் ஒரு வாரம் ஆயிற்று. அல்போன்சா வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கிருபைராஜ் சொன்னார். அல்போன்சா தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அங்க நம்ம ஆளுங்க வருவாங்களா?"

"வருவாங்க. டேப் எல்லாருக்குந்தான ஒழுகும்."

"அவங்க வந்தா உள்ள போய் நின்னுக்குவியளா?"

கிருபைராஜ் யோசித்தார். "மொத நாளு நிப்பேன்னு நெனைக்கேன்" என்றார்.

அல்போன்சா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். சரி என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லாததையே கிருபைராஜ் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

முதல் நாளே அந்தச் சோதனை வந்தது. பதினொரு மணிவாக்கில் அனந்தலக்ஷ்மி மாமியும் அவர் கணவர் பிச்சுமணியும் கடைக்குள் வந்தார்கள். பிச்சுமணி சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வரைபடம் போடும் இன்ஜினியர், வேலை போகாமல் தப்பியவர்களில் ஒருவர். கிருபைராஜ் அவர்களைக் கண்டதும், சொன்னபடியே, பின்பக்கம் பெயின்ட் டின்கள் அடுக்கியிருந்த அறைக்குள் போய் நின்றுகொண்டார். அங்கிருந்தால் எல்லாம் கேட்கும். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று பிச்சுமணி சொல்வது கேட்டது. கடைப் பையன் முழுக் குழாயையே மாற்றிவிடலாம் என்று ஒரு பளபளப்பான செட்டை எடுத்துக் கொடுப்பதும் கேட்டது. என்ன பிராண்ட் என்று பிச்சுமணி கேட்டார். பையன் வாய்க்கு வந்த ஒன்றைச் சொன்னான். பிச்சுமணி சரியென்று பணம் எடுக்கும் சத்தம் வந்தது.

அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. ஏப்ரனோடு வெளியே வந்துவிட்டார்.

"சார், அதை வைங்க. ஒங்க டேப் ஒண்ணும் கெட்டுப்போகல. வாஷர் மட்டும் மாத்துனா போதும்" என்றார்.

பிச்சுமணி அவரைப் பார்த்தார், ஏப்ரனைப் பார்த்தார். மாமி பக்கத்திலிருந்த பெயின்ட் வண்ணங்களின் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார். பழைய வாஷர் இருக்கிறதா என்று கிருபைராஜ் கேட்டார். நல்லவேளையாகப் பிச்சுமணி அதைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். கிருபைராஜ் அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, இழுப்பறையைத் திறந்து, அதேபோல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எப்படிப் பொருத்த வேண்டும், முடியும்வரை எந்த வால்வை மூடி வைத்திருக்க வேண்டும் என்று படம் வரைந்தும் காட்டினார். பிச்சுமணி சட்டைப் பைக்குள் வாஷரைப் போட்டுக்கொண்டு, "ஆமா, கிருபை, ஷவர்லயும் ஒரு பிராப்ளம் இருக்கு. அடுத்த வாரம் இருப்பீங்களா?" என்று கேட்டார்.

"சனிக்கிழமை பூரா இருப்பேன் சார்."

இதெல்லாம் நடந்து மூன்று நான்கு மாதம் ஆகிறது. கம்பெனிகளுக்கு அவர் இன்னும் விண்ணப்பம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். பீரும் மாதம் ஒருமுறை ஆகிறது. கடையில் சனிக்கிழமை அவர் வரிசையில் எப்போதும் இரண்டு மூன்று பேர் காத்திருக்கிறார்கள். ஒற்றைக் கார் என்பதால் அல்போன்சா தன் வேலை முடிந்து வந்து அவரை அழைத்துப் போவார். கடைக்குள் வரமாட்டார். எதிரே காரை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் கைவைத்தபடி உட்கார்ந்திருப்பார்.

போன சனிக்கிழமை நான் அங்கே இருந்தபோது கதவு மணி அடித்தது. அல்போன்சா நர்ஸ் உடையில், வெள்ளை ஷூவோடு உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல் நேராகக் குழாய் வரிசைக்கு வந்து, காத்திருந்த இருவருக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக நின்றுகொண்டார். கிருபைராஜ் ஒரு கிழவருக்கு ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்தார். எக்ஸ்க்யூஸ் மீ என்று கிழவரிடம் சொல்லிவிட்டு, மேல் தட்டுக்கு ஏறுவதற்காக வைத்திருந்த ஸ்டூலை எடுத்து வந்தார். அதன் மேலிருந்த தூசியை ஏப்ரன் நுனியால் துடைத்து, பித்தளைச் சாமான் பெட்டிகளுக்கு நடுவே அல்போன்சாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அது ஆடியது. ஒரு அட்டைத் துண்டை நான்காக மடித்து, குனிந்து, ஸ்டூலின் காலுக்கு அடியில் செருகி, கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, கிழவரிடம் திரும்பிப் போனார்.